டாலி புத்தகத்தில் என் மகள்

எனக்குக் கோபம் வந்தால் முதலில் காது சிவக்கும் என்று என் மனைவி சொல்வாள். நான் பார்த்ததில்லை. எழுபதுகளின் நடுவில் ஒரு மார்கழி மாதம் மூத்த மகளின் பள்ளிக்கூடத்துக்குப் போய்விட்டு வீடு திரும்பியபோது இரண்டு காதும் செம்பருத்திப் பூ மாதிரி இருந்ததாக இன்றைக்கும் சொல்லிச் சிரிக்கிறாள். அன்றைக்கு அவள் சிரிக்கவில்லை.

மூன்றாம் வகுப்பு டீச்சர் கூப்பிட்டு அனுப்பியிருந்தார். நல்ல மனுஷி. அறுபது பிள்ளைகளை ஒற்றை ஆளாகக் கட்டி மேய்த்துக்கொண்டிருந்தார். என்னை உட்காரச் சொல்லிவிட்டு, தொண்டையைச் செருமிக்கொண்டு மெதுவாகத்தான் ஆரம்பித்தார்.

"உங்க பிள்ளைக்கு வாசிக்க வரலை சார். எழுத்து தெரியுது. ஒண்ணொண்ணாக் கேட்டா சொல்லுதா. சேத்து வாசின்னா அப்படியே நிக்கா. முழுப் பரிட்சையில நான் எடுத்துக் கொடுக்கிற பக்கத்தைத் தானா வாசிச்சுக் காட்டணும். இல்லேன்னா அடுத்த வருசமும் அவளுக்கு இதே வகுப்புதான்."

அடுத்த வருஷமும் அதே வகுப்பு என்றால் அதில் ஒரு பெரிய சங்கடம் இருந்தது. இளையவள் அப்போது இரண்டாம் வகுப்பில் இருந்தாள். வயதுக்கு மீறிய வாய். சோப்பு உறை, மருந்துச் சீட்டு, தீப்பெட்டி, பலசரக்குச் சுற்றி வந்த காகிதம் என்று எது கையில் கிடைத்தாலும் விடாமல் வாசிக்கிற ஜாதி. அவள் தேறி மூன்றாம் வகுப்புக்கு வருவாள். அக்காவும் தங்கச்சியும் ஒரே பெஞ்சில் உட்கார வேண்டியிருக்கும்.

வீட்டுக்கு வந்து நான் சட்டையைக் கழற்றுவதற்குள் மூத்தவள் வாசலில் வந்து நின்றாள். எட்டு வயது. விஷயம் எப்படியோ அவளுக்குத் தெரிந்துவிட்டிருந்தது.

"தங்கச்சி பக்கத்துலயா நான் உக்காரணும்?" என்று கேட்டாள். அழவில்லை. கேட்டுவிட்டு என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். அதற்குப் பதில் அழுதிருக்கலாம்.

எனக்கு டீச்சர் சொன்னதில் நம்பிக்கை இல்லை. ஏனென்றால் தினமும் சாயங்காலம் நான் சாய்வு நாற்காலியில் சாய்ந்திருக்க, மகள் பாடத்தைத் தண்ணீர் பட்ட பாடாக வாசித்துக் காட்டுவாள். ஒரு தடங்கல் கிடையாது. அன்றைக்கும் புத்தகத்தைக் கொண்டுவரச் சொன்னேன். மழையைப் பற்றிய பாடம். கடகடவென்று வாசித்தாள். மறுநாள் பள்ளிக்கூடத்துக்குப் போய் டீச்சரை நாலு கேள்வி கேட்பது என்று மனதுக்குள் வசனம் எழுதிக்கொண்டே பக்கத்தைத் திருப்பினேன். இரண்டு தாளாகச் சேர்த்துத் திருப்பிவிட்டேன் போலிருக்கிறது. புதுப் பக்கத்தில் ஒரு ஒட்டகம் நின்றது. மகளின் வாயிலோ மழை இன்னும் கொட்டிக்கொண்டிருந்தது. தவளை கத்தியது, ஏரி நிறைந்தது. ஒட்டகம் பாட்டுக்கு நின்றுகொண்டிருந்தது.

விசாரித்ததில் கூட்டாளி அகப்பட்டாள். மத்தியானங்களில் இளையவள் அக்காவின் பாடத்தை இரண்டு தடவை உரக்க வாசிப்பாளாம். மூத்தவள் கேட்டு மனப்பாடம் செய்துகொள்வாளாம். அதற்குக் கூலி, ஞாயிற்றுக்கிழமை நான் பேக்கரியில் வாங்கி வரும் முந்திரி மக்ரூனில் அக்காவின் பங்கு. தன் பங்கை முகம் கோணாமல் தங்கைக்குத் தூக்கிக் கொடுக்கிறாளே என்று அவளை நான் வருவோர் போவோரிடமெல்லாம் மெச்சியிருக்கிறேன்.

சரி, இனி நானே பார்த்துக்கொள்கிறேன் என்று இறங்கினேன். நான் இறங்கியதுதான் தப்பாகப் போயிற்று.

அப்போது எனக்குத் தூத்துக்குடிப் பழைய துறைமுகத்தில் டாலி வேலை. சரக்குத் தோணியில் ஏறுகிற மூட்டைகளை எண்ணிப் பதிகிற ஆள். தலையில் மூட்டையோடு வரிசையாக வருபவர்கள் என்னைத் தாண்டிப் பலகையில் ஏறுவார்கள். ஒரு ஆள் தாண்டினால் புத்தகத்தில் ஒரு கோடு. நாலு கோடு நிமிர்ந்து நிற்கும், ஐந்தாவது குறுக்கே விழும். வெங்காயமோ மிளகாய் வற்றலோ, நாள் முழுக்கக் கோடுதான். அந்த வேலையில் நான் கெட்டிக்காரன். ஒருவரோடு சண்டை போட்டுக்கொண்டே ஒரு மூட்டை விடாமல் எண்ணுவேன்.

அந்தக் கெட்டிக்காரத்தனத்தை அப்படியே வீட்டுக்குக் கொண்டு வந்தேன். தீர்ந்துபோன டாலி புத்தகம் ஒன்றில் பின்பக்கத் தாள்கள் காலியாக இருந்தன. சாயங்காலம் ஆறு மணிக்கு மகள் எதிரே சப்பணமிட்டு உட்காருவாள். அவள் வாசிக்க வேண்டும். தப்பாக வாசித்தால் நான் ஒரு கோடு போடுவேன். ஐந்தாவது தப்புக்குக் குறுக்குக் கோடு. எத்தனை தப்பு என்று எண்ணிச் சொன்னால் மறுநாள் குறையும் என்பது என் எண்ணம். துறைமுகத்தில் எனக்குத் தெரிந்தது அவ்வளவுதானே.

தப்பு குறையவில்லை. பத்தே நாளில் தாள்கள் நிறைந்தன. முதலில் சேர்த்துப் படிப்பதில்தான் தடுமாறினாள். பிறகு தெரிந்த எழுத்தும் தடுமாறியது. 'ப' இருக்கிற இடத்தில் 'ய' என்பாள். கொம்பு போட்ட எழுத்து வந்தால் நின்றுவிடுவாள். அவள் கண் புத்தகத்தில் இருக்காது, என் பென்சில் முனையில் இருக்கும். பென்சில் அசைந்தால் சொல்லிக்கொண்டிருந்த சரியான வார்த்தையையும் மாற்றிவிடுவாள். நான் குரலை உயர்த்துவேன். அடுப்படியிலிருந்து இளையவள் விடையைக் கத்துவாள். "நீ வாயை மூடுளா" என்று அந்தப் பக்கம் ஒரு சத்தம் போடுவேன். ஆறு மணியானால் மூத்தவளுக்கு வயிற்றுவலி வர ஆரம்பித்தது.

"நீங்க பென்சிலை எடுத்தாலே பிள்ளைக்கு மூச்சு நின்னு போகுது. இன்னும் எத்தனை கோடுதான் போடப் போறிய?" என்று மனைவி கேட்டாள்.

"அவ தேறுற வரைக்கும்."

"அதுக்குள்ள பென்சில் தேய்ஞ்சிரும்."

அவள் ஐந்தாம் வகுப்போடு நின்றவள். நானோ பதினொன்று முடித்தவன். அந்தத் திமிரில் நான் அவள் சொன்னதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

தை மாதம் ஒரு சனிக்கிழமை. காலையிலும் ஒரு பாடம் வைத்துப் பார்த்து, சத்தம் போட்டு, தட்டில் இருந்ததைப் பாதியில் விட்டுவிட்டு வேலைக்குப் போய்விட்டேன். போன வேகத்தில் தூக்குச்சட்டியை மறந்துவிட்டேன். பள்ளிக்கூடம் இல்லாததால் மத்தியானம் மூத்தவளையும் கூட்டிக்கொண்டு மனைவி சோறு கொண்டு வந்தாள். அன்றைக்கு மாலத்தீவுக்குப் போகிற தோணி ஒன்றில் வெங்காயம் ஏறிக்கொண்டிருந்தது. பாதியில் நிறுத்த முடியாது. "அங்கன நிழல்ல நில்லுங்க" என்று சொல்லிவிட்டு நான் கோடு போட்டுக்கொண்டிருந்தேன். மகள் நிழலில் நிற்காமல் என் முழங்கைக்குப் பக்கத்தில் வந்து நின்றுகொண்டாள்.

கொஞ்ச நேரம் கழித்து விசும்பல் கேட்டது. திரும்பினால் மகளின் கன்னமெல்லாம் கண்ணீர்.

தோணியை நடத்திச் செல்லும் தலைவரைத் தண்டல் என்போம். அந்தத் தோணியின் தண்டல் பெரிய உடம்புக்காரர், அதைவிடப் பெரிய குரல்காரர். கழுத்தில் சிலுவை போட்ட கயிறு. அவர்தான் முதலில் குனிந்தார்.

"ஏளா, என்னத்துக்கு அழுத? பசிக்கா?"

மகள் பலகையில் ஏறிக்கொண்டிருந்த ஒரு ஆளைக் கை காட்டினாள். முதுகெல்லாம் வேர்வை ஓட, மூட்டையோடு மூச்சு வாங்கிக்கொண்டு போனவர்.

"பாவம் அந்த அண்ணாச்சி. எவ்வளவு பாரம் தூக்குதாவ. அப்பா எல்லாத்தையும் தப்பு தப்புன்னு போடுதாவ."

தண்டலுக்கு முதலில் புரியவில்லை. எனக்குப் புரிந்துவிட்டது. பென்சிலை எங்கே ஒளிப்பது என்று தெரியாமல் நின்றேன். மனைவி தயங்காமல் வீட்டுக் கதையை இரண்டே வாக்கியத்தில் போட்டு உடைத்தாள். தண்டல் சிரித்த சிரிப்பில் பக்கத்துத் தோணியில் இருந்தவர்களும் எட்டிப் பார்த்தார்கள். மூட்டை இறக்கிவிட்டு வந்த அந்த ஆள், "என்னது, நான் தூக்குனது எல்லாம் தப்பா? அண்ணாச்சி, கூலி உண்டுல்லா?" என்று தலைத்துண்டை உதறிக்கொண்டு கேட்டார். அதற்கு இன்னொரு சிரிப்பு.

பிறகு தண்டல் மகளுக்கு எதிரே குந்தி உட்கார்ந்து சொன்னார்.

"இந்தா பாரு தாயி. கோடு விழுந்தாத்தான் மூட்டை நல்லபடியா வந்து சேந்ததுன்னு அர்த்தம். கோடு இல்லேன்னா என் தோணி வெறுந்தோணி. உங்கப்பா போடுற ஒவ்வொரு கோடும் எனக்குச் சந்தோசம்."

"அப்ப தப்பு எங்க எழுதுவாங்க?"

நான்தான் காட்டினேன். தாளின் ஓரத்தில், கீழே, பொடி எழுத்தில் இருந்தது. கிழிசல், இரண்டு. அவ்வளவுதான். மேலே தாள் முழுக்க வயலில் நாற்று நட்ட மாதிரி கோடுகள் நின்றன.

அவள் அந்தக் கோடுகளின் மேல் விரலை ஓட்டினாள். கண்ணீர் காய்ந்திருந்தது. பிறகு என்னைப் பார்த்துக் கேட்டாள்.

"அப்பா, நான் சரியா வாசிச்சதுக்குக் கோடு எங்க?"

எனக்கு வெட்கமாக இருந்தது. இத்தனை பேர் முன்னால் என்பதற்காக இல்லை. அந்தப் பிள்ளை பத்து நாளாக ஆயிரம் வார்த்தையாவது சரியாகச் சொல்லியிருப்பாள், அதில் ஒன்றைக்கூட நான் பதியவில்லை என்பதற்காக. அப்படி ஒரு டாலியை நான் துறைமுகத்தில் எழுதியிருந்தால் அன்றைக்கே சீட்டுக் கிழிந்திருக்கும். மனைவி என்னைப் பார்த்தாள். தூக்குச்சட்டியை என் கையில் கொடுத்தாள். அந்தப் பார்வையை அதற்குப் பிறகும் பல விஷயங்களுக்கு அவள் பயன்படுத்தியிருக்கிறாள்.

அன்று சாயங்காலம் புதுப் புத்தகம், புதுப் பென்சில். பென்சிலை மகள் கையிலேயே கொடுத்துவிட்டேன். வாசிப்பதும் அவள், பதிவதும் அவள். ஒரு வார்த்தை சரியாக வந்து சேர்ந்தால் ஒரு கோடு. வராவிட்டால் ஒன்றும் போட வேண்டாம். மறுபடி பார்க்கலாம். கிழிந்த மூட்டையை யாரும் கடலில் எறிவதில்லை, கோணி ஊசியால் தைத்து ஏற்றுவோம் என்று சொன்னேன். எங்கள் பக்கத்தில் அளந்து போடுகிறவர்கள் ஒன்று என்று தொடங்க மாட்டார்கள், முதல் எண்ணிக்கையை லாபம் என்பார்கள். மகளும் முதல் வார்த்தையை வாசித்துவிட்டு "லாபம்" என்று சொல்லித்தான் கோடு போட்டாள்.

முதல் நாள் அரை மணி நேரத்தில் பதினோரு கோடு. எனக்கு உயிர் போய் உயிர் வந்தது. ஒரு வார்த்தைக்கு அவள் எடுத்துக்கொள்ளும் நேரத்தில் நான் ஒரு வண்டி மூட்டையை எண்ணியிருப்பேன். விடை நாக்கின் நுனியில் வந்து நிற்கும். கையைத் தொடைக்கு அடியில் வைத்து அழுத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

மனைவி ஒரு சட்டம் போட்டாள். என் காது சிவந்தால் உடனே எழுந்து குடத்தை எடுத்துக்கொண்டு தெருக் குழாய்க்குப் போய்விட வேண்டும். திரும்பி வரும்வரை மகளோடு அவள் உட்காருவாள். தூத்துக்குடியில் தண்ணீர் பிடிப்பது என்றால் சும்மா இல்லை, வரிசை தெரு முனைவரை நிற்கும். அந்த வரிசையில் நான் ஒருவன்தான் ஆண்பிள்ளை. இரண்டாவது வாரமே பெண்களுக்கு விஷயம் தெரிந்துபோயிற்று. "என்ன அண்ணாச்சி, இன்னைக்கு மூணாவது குடமா? பாடம் கஷ்டமோ?" என்று கேட்பார்கள். ஒருநாள் நான் போகவே இல்லை. மறுநாள் காலையில் எதிர்வீட்டு அம்மா என் மனைவியிடம், "நேத்து பிள்ளை நல்லா வாசிச்சிட்டா போல" என்று சொல்லியிருக்கிறாள்.

நான் குழாயடியில் நின்ற நேரத்தில் மனைவி தன் பங்குக்கு ஒரு வேலை செய்தாள். தட்டில் கல்லுப்பைப் பரப்பி, மகளைக் குழப்புகிற எழுத்துகளை விரலால் எழுத வைத்தாள். உப்பு விரலில் உறுத்துமாம், உறுத்தினால் மறக்காதாம். எனக்கு அதில் நம்பிக்கை இல்லை. ஆனால் 'ப' ஒழுங்காக 'ப' ஆகவும் 'ய' ஒழுங்காக 'ய' ஆகவும் நடந்துகொண்டன. பக்கம் முழுக்க எழுத்தைப் பார்த்தால் மகள் மிரளுகிறாள் என்பதையும் மனைவிதான் கண்டுபிடித்தாள். காலண்டர் அட்டையில் ஒரு வரி மட்டும் தெரிகிற அளவுக்கு நான் ஒரு சன்னல் வெட்டிக் கொடுத்தேன். அந்த அட்டையைப் புத்தகத்தின் மேல் இறக்கிக்கொண்டே வந்தால் ஒரு நேரத்தில் ஒரு வரிதான் கண்ணில் படும். மகள் தோள் தளர்ந்து உட்கார்ந்ததை அன்றைக்குத்தான் பார்த்தேன்.

இளையவளுக்குத்தான் பெரிய நஷ்டம். மக்ரூன் வருமானம் நின்றுபோயிற்று. போதாததற்கு, அக்கா வாசிக்கும்போது மூச்சு விடக்கூடாது என்று கட்டளை. அவளால் வாயை மூடிக்கொண்டிருக்க முடியாது என்பதால் துண்டு நுனியைப் பல்லில் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். அக்கா ஒரு வார்த்தையில் மாட்டிக்கொண்டால் இவளுக்குக் கண் பிதுங்கும். அந்த மாதம் இரண்டு துண்டு பாழ்.

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலங்களில் மூத்தவளைப் பேருந்து நிலையத்துக்குக் கூட்டிப் போனேன். அங்கே எல்லாம் பெரிய எழுத்து. பஸ்ஸின் நெற்றியில் ஊர்ப் பெயர் இருக்கும். ஆறுமுகநேரி அவள் வாயில் நான்கு நிமிஷத்தில் வந்தது. ஆதிச்சநல்லூருக்கு அவள் இரண்டு தடவை மூச்சு வாங்கினாள். ஓட்டப்பிடாரம் பஸ்ஸுக்கு முன்னால் நின்று அவள் "ஓட்... டப்..." என்று முக்கிக்கொண்டிருக்கும்போது கண்டக்டர் கீழே இறங்கி வந்துவிட்டார்.

"அண்ணாச்சி, ஏறுதியளா இல்லையா? ஆளைப் பாத்து வண்டியை நிப்பாட்டி வச்சிருக்கேன்."

"ஏறலை. பிள்ளை வாசிக்கா."

அவர் போர்டைப் பார்த்தார், மகளைப் பார்த்தார், கைக்கடிகாரத்தைப் பார்த்தார். "சட்டுனு வாசி தாயி, டயமாச்சு" என்று சொல்லிவிட்டு விசிலை வாயில் வைத்துக்கொண்டு காத்திருந்தார். மகள் 'ரம்' என்று முடித்த பிறகுதான் ஊதினார். பஸ்ஸுக்குள் இருந்தவர்கள் என்ன நினைத்தார்களோ தெரியாது. மகள் அன்றைக்கு வீடு வரைக்கும் கடைப் பலகைகளைப் பார்த்துக்கொண்டே வந்ததால் இரண்டு பேர் மேல் முட்டிக்கொண்டாள்.

மாசி போய்ப் பங்குனி வந்தபோது ஒரு நாளைக்கு எண்பது, தொண்ணூறு கோடு விழுந்தது. அதற்காக அவள் தங்கையைப் போலப் பொரிந்து தள்ளினாள் என்று நினைக்க வேண்டாம். மெதுவாகத்தான் வாசித்தாள். சில நாள் எல்லாம் மறந்துபோன மாதிரி இருபதிலேயே நின்றுவிடும். அந்த நாட்களில் எங்கள் வீட்டில் குடம், அண்டா, சொம்பு எல்லாம் நிறைந்திருக்கும். ஆனால் ஆறு மணிக்கு வயிற்றுவலி வரவில்லை. புத்தகத்தை அவளே எடுத்துக்கொண்டு வந்து உட்கார்ந்தாள். அது எனக்குப் போதும் என்றுகூட சில சமயம் நினைத்தேன். டீச்சருக்குப் போதாதே.

சித்திரை வெயிலில் முழுப் பரிட்சை வந்தது. வாசிப்புப் பரிட்சை அன்று அரைநாள் விடுப்பு எடுத்துக்கொண்டு பள்ளிக்கூட வராந்தாவில், வகுப்பின் சன்னலுக்குப் பக்கத்தில் நின்றேன். போகக்கூடாது என்று மனைவி சொல்லியிருந்தாள். கோபப்படுகிறவனுக்குப் பயம் கிடையாது என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம்.

மத்தியான மணிக்குக் கொஞ்சம் முன்னால்தான் அவள் முறை வந்தது. டீச்சர் பக்கங்களைப் புரட்டி, வகுப்பில் நடத்தாமல் விட்ட பாடம் ஒன்றைத் திறந்து கொடுத்தார். தேனீயைப் பற்றிய பாடம். மனப்பாடத்துக்கு வழியே இல்லை. மகள் ஒரு விரலை முதல் வரிக்குக் கீழே வைத்தாள். வைத்துக்கொண்டு நின்றாள். பின்பெஞ்சில் யாரோ சிரித்தார்கள். டீச்சர் மேசையில் தட்டினார். அப்புறம் என் மகளின் குரல் கேட்டது.

முதல் வார்த்தை வந்தது. இரண்டாவது வந்தது. மூன்றாவதில் தடுக்கி, திரும்பிப் போய், சரியாக எடுத்துக்கொண்டு வந்தாள். யாரையும் பார்க்கவில்லை. டீச்சரின் பேனாவைக்கூடப் பார்க்கவில்லை. பாதிப் பக்கம் ஆவதற்குள் எனக்கு ஒரு வயது கூடிப்போயிற்று.

"போதும்மா" என்றார் டீச்சர். அவர் முகம் மலர்ந்திருந்தது. "தேறிட்ட. நாலாம் வகுப்புக்குப் போயிரலாம். உக்காரு."

நான் சுவரில் சாய்ந்துகொண்டேன். சன்னல் வழியாக மறுபடி பார்த்தேன். மகள் உட்காரவில்லை. விரல் வரியை விட்டு எடுபடவில்லை.

"டீச்சர், இன்னும் ஒம்பது வரி இருக்கு" என்றாள்.

மணி அடித்தது. வகுப்பு தட்டும் டம்ளருமாக வெளியே பாய்ந்தது. டீச்சர் எழுந்திருக்கப் போனவர் மறுபடி நாற்காலியில் உட்கார்ந்து, கன்னத்தில் கை வைத்துக்கொண்டார். காலி வகுப்பில் என் மகள் நின்றுகொண்டு வாசித்தாள். ஒன்பது வரியையும் வாசித்தாள்.